2013 பெட்ரோல் காருக்கு 5டபிள்யூ-30-ஆ 20டபிள்யூ-50-ஆ? ஆயில் வேற குறையுது, உதவி பண்ணுங்க

பாலாறு:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல ஓடறது 2013 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 4 சிலிண்டர், விவிடி இன்ஜின் (வால்வு திறக்கற நேரத்த மாத்திக்கற வகை), 96,000 கிலோமீட்டர் தாண்டிடுச்சி. ஊர் வேலூர். பசங்கள ஸ்கூல்ல விடறது, அம்மாவ பிசியோதெரபிக்கு கூட்டிட்டு போறது, எல்லாமே அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டம் தான், எப்பவாவது சென்னை, இல்லன்னா ஏலகிரி.

மேனுவல்ல 5டபிள்யூ-30 போடுங்க, 0டபிள்யூ-20-ம் போடலாம்னு இருக்கு. கம்பெனி சர்வீஸ்ல இத்தன வருஷமா 0டபிள்யூ-20 தான் போட்டாங்க. போன தடவ பக்கத்துல ஒரு மெக்கானிக்கிட்ட விட்டோம், "வண்டிக்கு வயசாயிடுச்சி, வேலூர் வெயிலுக்கு அந்த தண்ணி ஆயில் தாங்காதும்மா"ன்னு 20டபிள்யூ-50 ஊத்திட்டார். அதுல இருந்து காலையில ஸ்டார்ட் பண்ணா டப்பெட் சத்தம் மாதிரி டிக் டிக்னு கொஞ்ச நேரம் கேக்குது, பிக்கப் மந்தம், மைலேஜும் குறைஞ்சிருக்கு. ஆனா ஆயில் குறையறது மட்டும் முன்ன விட கம்மி, அதான் குழப்பமே. முன்னாடி 4,000 கிலோமீட்டர் ஓடறதுக்குள்ள டிப்ஸ்டிக்ல எஃப்-ல (ஃபுல்) இருந்து எல் (லோ) கிட்ட வந்துடும்.

என் தம்பி ரெண்டுக்கும் நடுவுல 10டபிள்யூ-40 போடுன்றான். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பசங்கள வச்சிகிட்டு ஹைவேல போற வண்டி, தெரிஞ்சவங்க காரணத்தோட சொன்னா நல்லாருக்கும்.

ஸ்பேனர்:
சிஸ், ஆயில் நம்பருக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லுங்க. வண்டி நிக்கற எடத்துல தரையில சொட்டு இருக்கா? நீலப்புகை வருதா, வந்தா எப்ப வருது, ராத்திரி பூரா நின்னுட்டு காலையில ஸ்டார்ட் பண்றப்பவா, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சி ஏத்தம் ஏறறப்பவா? கூலன்ட் குறையுதா?

பாலாறு:
தரையில சொட்டு இல்ல, கூலன்ட் அப்படியே இருக்கு. காலையில முதல் ஸ்டார்ட்ல லேசா ஒரு புகை வரும், உடனே போயிடும். ஏலகிரி எறங்கறப்ப ஒண்ணு கவனிச்சோம், 14 கொண்டை ஊசி வளைவும் செகண்ட் கியர்லயே எறங்கி கீழ வந்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா பின்னாடி கண்ணாடியில நீலமா ஒரு புகை தெரியும். ஏத்தம் ஏறறப்ப ஒண்ணும் இல்ல.

ஸ்பேனர்:
அப்ப பாதி பதில் கிடைச்சிடுச்சி. அது பிஸ்டன் ரிங் இல்ல, வால்வு ஸ்டெம் சீலா (வால்வு தண்ட சுத்தி ஆயில் எறங்காம தடுக்கற ரப்பர்) இருக்க வாய்ப்பு அதிகம். எறக்கத்துல கால எடுத்துட்டு இன்ஜின் பிரேக்கிங்ல வர்றப்ப இன்டேக்ல (காத்து உள்ள போற வழி) வேக்யூம் ஏறும், இறுகிப்போன ரப்பர் சீல் வழியா ஆயில உறிஞ்சும், கீழ வந்து மிதிச்சதும் அது எரிஞ்சி புகையா வரும். ராத்திரி நிக்கறப்பவும் மேல இருந்து வால்வு தண்டு வழியா கசிஞ்சி சேரும், அதான் காலையில வர்ற புகை. ரிங் போயிருந்தா ஏத்தத்துலதான் புகையும். கூடவே பிசிவி வால்வையும் (இன்ஜினுக்குள்ள சேர்ற வாயுவ இன்டேக்குக்கு திருப்பி விடறது) பாக்க சொல்லுங்க, அது மாட்டிகிட்டாலும் ஆயில் இன்டேக்குக்குள்ள போகும், சின்ன செலவு.

கெட்டி ஆயில் ஊத்தினதும் குறையறது கம்மியானதுக்கு காரணமும் அதான். அதே ஓட்டை வழியா கெட்டி ஆயில் மெதுவா போகுது, சீல் சரியாகல.

பழைய டீசல்:
மேல சொன்னதெல்லாம் சரிதான், ஆனா அந்த மெக்கானிக்க ஒரேயடியா தப்பு சொல்லாதீங்க. என் கார்ல 20டபிள்யூ-50 ஊத்தியே ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிருக்கேன், திருச்சி வெயில்ல, ஒரு பிரச்சனையும் வரல. ஆயில் கெட்டியா இருந்தா தான் இன்ஜினுக்கு காப்பு. 0டபிள்யூ-20 எல்லாம் பனி பேயற ஊருக்காரன் சமாச்சாரம், கம்பெனிக்காரன் மைலேஜ் கணக்கு காட்டறதுக்கு அத போட சொல்றான்.

கோவை பட்டறை:
பழைய டீசல் அண்ணா, நீங்க ஓட்டுனது எந்த இன்ஜின்னு சொல்லலீங்களே. அம்பாசடர், பத்மினி காலத்து இன்ஜினா இருந்தா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க, அதுக்கெல்லாம் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 தான் போட்டோம். பேரிங் கேப்பு பெருசு, ஆயில் போற வழியும் பெருசு. இந்த பாப்பாவோடது விவிடி இன்ஜினுங்க. கேம் ஷாஃப்ட்ட முன்ன பின்ன திருப்பறதே ஆயில் பிரஷர் தான், சின்ன சல்லடை, சின்ன ஓட்டை வழியா போய் திருப்பணும். அதுல 50 நம்பர் ஆயில ஊத்தினா திருப்பறது லேட்டாகும், பிக்கப் மந்தம்னு சொல்றாங்கல்ல, அதுல இதுக்கும் பங்கு இருக்குதுங்க.

வெயில் கதைக்கு வர்றேன். பட்டறைக்கு வர்றவங்க பாதிப்பேரு இதத்தான் கேக்கறாங்க. வெளிய 42 டிகிரி அடிச்சாலும் 22 டிகிரி இருந்தாலும் தண்ணி கூலிங் இன்ஜின்ல தெர்மோஸ்டாட் கூலன்ட்ட 85, 90 டிகிரி பக்கத்துலயே புடிச்சி வச்சிருக்கும். ஆயில் சூடும் அத ஒட்டித்தான் போகும், ஹைவேல மிதிச்சா 100, 110 வரைக்கும் போகும். கத்திரி வெயிலால ஆயில் சூடு அப்படியே 20 டிகிரி ஏறிடாதுங்க. ரேடியேட்டர், ஃபேன், கூலன்ட் ஒழுங்கா இருக்குதான்னு பாருங்க, வெயிலுக்கு மருந்து அங்கதான் இருக்குது. ஏர் கூலிங் பைக்குன்னா கதை வேற, அங்க வெளிச்சூடு நேரா இன்ஜினுக்கு வரும்.

இன்னொன்னு, டபிள்யூக்கு முன்னாடி இருக்கற முதல் நம்பர் குளிர்ல ஆயில் எவ்வளவு சுலபமா ஓடும்ங்கறது, சின்னதா இருந்தா சீக்கிரம் ஓடும், அது பனி ஊருக்கு மட்டும்னு நினைக்காதீங்க. ஆயிலுக்கு 100 டிகிரி தான் வேல செய்யற சூடு, அப்படி பாத்தா வேலூர்ல காலையில 28 டிகிரியே அதுக்கு குளிர் தானுங்க. அந்த சூட்டுல 20டபிள்யூ-50 விளக்கெண்ணெய் மாதிரி நிக்கும், மேல ஹெட்டுக்கு ஏறி வர நேரம் புடிக்கும், அதுவரைக்கும் வர்ற சத்தம் தான் அந்த டிக் டிக். அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டற வண்டி, ஆயில் முழுசா சூடாகறதுக்குள்ள ஸ்கூல் வந்துரும். உங்க வண்டி பாதி வாழ்க்கைய குளிர் ஆயில்ல தான் ஓடுது, அதனால உங்களுக்கு முதல் நம்பர் சின்னதா இருக்கறது ரொம்ப முக்கியமுங்க.

பழைய டீசல்:
என்னோடது பழைய டீசல் தான் தம்பி, விவிடி எல்லாம் கிடையாது. அத நான் ஒத்துக்கறேன். ஆனா 20 நம்பர் ஆயில் 96,000 ஓடுன இன்ஜினுக்கு ரொம்ப மெல்லிசுன்னு தான் இன்னும் தோணுது.

மசகு:
லூப்ரிகன்ட் லேப்ல வேல பாக்கறேன், நம்பரா போட்டுடறேன், அப்புறம் சண்ட வேணாம். எஸ்ஏஇ ஜே300-ன்னு ஒரு ஸ்டாண்டர்ட், கேன்ல போடற நம்பர் எல்லாம் அதுல இருந்து வர்றது. பின்னாடி நம்பர் 100 டிகிரில எவ்வளவு கெட்டிங்கறது, சென்டிஸ்டோக்ஸ்ங்கற அளவுல: 20-ன்னா 6.9-ல இருந்து 9.3-க்குள்ள, 30-ன்னா 9.3-ல இருந்து 12.5-க்குள்ள, 40-ன்னா 12.5-ல இருந்து 16.3-க்குள்ள, 50-ன்னா 16.3-ல இருந்து 21.9-க்குள்ள. மேனுவல்ல 20-ம் 30-ம் சொல்லியிருக்கற இன்ஜின்ல 50 ஊத்தினா அது ரெண்டு படி தாண்டி போறது. 40 டிகிரில பாத்தா வித்தியாசம் இன்னும் மோசம், 5டபிள்யூ-30 சாதாரணமா 60 பக்கத்துல இருக்கும், 20டபிள்யூ-50 150-க்கு மேல. அவ்வளவு கெட்டிய பம்ப் தள்றதுக்கும் இன்ஜின் அதுக்குள்ள சுத்தறதுக்கும் போற சக்தி தான் உங்க மைலேஜ்ல குறையுது.

காப்புன்னு பழைய டீசல் ஐயா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. 150 டிகிரில வேகமா தேய்க்கறப்ப ஆயில் படலம் எவ்வளவு தாங்குதுன்னு தனியா ஒரு டெஸ்ட் இருக்கு, 20-க்கு குறைஞ்சது 2.6, 30-க்கு 2.9. ஓடித் தேய்ஞ்ச இன்ஜின், ஹைவே, ஃபுல் லோடுன்னா அந்த கூடுதல் படலம் நல்லதுதான். ஆனா அதுக்கு 50 தேவையில்ல, மேனுவலே சொல்ற 5டபிள்யூ-30-லயே அது கிடைச்சிடுது. நான் பாத்தவரைக்கும் இந்த கேள்விக்கு பதில் 5டபிள்யூ-30, முழு சிந்தடிக். தம்பி சொல்ற 10டபிள்யூ-40 மேனுவல்ல இருந்தா ஆபத்து இல்ல, இல்லன்னா அந்த பக்கம் போக காரணமே இல்ல.

நம்பரோட, ஆயில் தரத்த குறிக்கற ஏபிஐ எழுத்தும் பாருங்க. மேனுவல்ல எஸ்என்னு போட்டிருந்தா இப்ப கிடைக்கற எஸ்பி தாராளமா போடலாம், 2020-ல வந்தது, பழசுக்கும் பொருந்தும். கிரேடு சரியா இருந்து பழைய எஸ்எஃப், எஸ்ஜி ஆயில விலை கம்மின்னு வாங்கிடாதீங்க.

நெல்லை டிராவல்ஸ்:
நடுவுல ஒரு சந்தேகம் அண்ணாச்சி, என்கிட்ட பிஎஸ்6 டீசல் எம்பிவி இருக்கு, மேனுவல்ல 5டபிள்யூ-30 தான், நம்பர் ஒத்துப்போச்சின்னா எந்த 5டபிள்யூ-30 வேணா ஊத்தலாம்லா?

மசகு:
ஊத்தாதீங்க. உங்க வண்டியில டிபிஎஃப் (டீசல் புகைக்கரிய புடிக்கற ஃபில்டர்) இருக்கும், ஆயில் எரிஞ்சா வர்ற சாம்பல் அந்த ஃபில்டர்ல படிஞ்சி அடைக்கும், மறுபடி எரிச்சி எடுக்கவும் முடியாது. சாம்பல் கம்மியா இருக்கற ஆயிலுக்கு ஏசிஇஏ சி2, சி3 அப்படின்னு தனி குறியீடு இருக்கு. மேனுவல்ல எது போட்டிருக்கோ அதே எழுத்து கேன் பின்னாடி இருக்கணும்.

பாலாறு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, குறிப்பா கோவை பட்டறை அண்ணாவுக்கு, காலையில வர்ற சத்தத்துக்கு இப்பதான் காரணம் புரிஞ்சிது. ரெண்டு கேள்வி. 20டபிள்யூ-50 பாதி கூட ஓடல, உடனே மாத்தணுமா? சீல் மாத்தறதுக்கு ஹெட்ட கழட்டணும்னு பயமுறுத்தறாங்க, அதுவரைக்கும் வண்டிய ஓட்டலாமா?

கோவை பட்டறை:
மாத்திடுங்க, வர்ற ஞாயித்துக்கெழமையே. ஃபில்டரும் சேத்து மாத்துங்க, ட்ரெயின் ப்ளக் வாஷர் புதுசு போட சொல்லுங்க. இன்ஜின சூடு பண்ணி எறக்கினா பழசு நல்லா வடியும். ஃப்ளஷ் போடறேன்னு யாராச்சும் சொன்னா வேண்டாம்னுடுங்க, இந்த வண்டிக்கு அது தேவையில்லீங்க. ஆயில் நம்பிக்கையான கடையில பில்லோட வாங்குங்க, கேன் சீல உங்க கண்ணு முன்னால உடைக்க சொல்லுங்க, காலி கேன வாங்கி மூடிய வெட்டிப் போடுங்க, அந்த கேனெல்லாம் போலி ஆயில் அடைக்கறதுக்கு போகுதுங்க.

ஹெட்ட கழட்டாமலே சிலிண்டருக்குள்ள காத்து அடிச்சி வால்வ தாங்க வச்சிகிட்டு சீல் மாத்தற ஆளுங்க இருக்காங்க, எல்லாராலயும் முடியாது, கேட்டுப் பாத்து விடுங்க. அதுக்குள்ள ஓட்டலாம், 4,000-க்கு எஃப்-ல இருந்து எல் வரைக்கும்னா இன்னும் அவசரம் இல்லீங்க. ஆனா வாரம் ஒருக்கா டிப்ஸ்டிக் பாக்கணும், சமதளத்துல நிறுத்தி, ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் விட்டு, எல்-க்கு கீழ போக விடாதீங்க, எஃப்-க்கு மேலயும் ஊத்தாதீங்க, நுரைச்சிப்போகும். லெவல் குறையாம ஏறுற மாதிரி தெரிஞ்சாலும் சொல்லுங்க, சின்ன ஓட்டத்துல பெட்ரோல் ஆயிலோட கலக்கறது உண்டு, அதுக்குத்தான் கிலோமீட்டர் வரலன்னாலும் வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு சொல்றது. சூடா ஐடில்ல நிக்கறப்ப ஆயில் லைட் மினுக்குச்சின்னா மட்டும் வண்டிய அங்கயே நிறுத்திட்டு கூப்பிடுங்க.

பாலாறு:
மாத்தியாச்சி அண்ணா. 5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்பி, 3.5 லிட்டர் கேன், ஃபில்டர், வாஷர் எல்லாம் புதுசு. பிசிவி வால்வ கழட்டி ஆட்டினா சத்தமே வரல, பிசுபிசுன்னு ஒட்டிகிட்டு இருந்துச்சி, அதையும் மாத்திட்டோம். காலையில அந்த டிக் டிக் இப்ப ஸ்டார்ட் பண்ணின உடனே அடங்கிடுது, பிக்கப் பழையபடி இருக்கு. பிசிவி மாத்தினதுல ஆயில் குறையறது எவ்வளவு நிக்குதுன்னு பாத்துட்டு, அப்புறமா சீலுக்கு விடலாம்னு இருக்கேன்.

கேன்ல கொஞ்சம் மிச்சம் இருக்கு, அப்பா அத அவரோட பைக்ல ஊத்தட்டுமான்னு கேக்கறார்.

ஸ்பேனர்:
பிசிவி நல்ல வேட்டை சிஸ். பைக்ல வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க, பைக்ல கிளட்ச் அதே ஆயில்ல ஊறிகிட்டு இருக்கும், கார் ஆயில்ல இருக்கற ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரால (உராய்வ குறைக்கற சேர்மானம்) கிளட்ச் வழுக்கும். பைக் ஆயில்னா கேன்ல ஜாசோ எம்ஏ இல்லன்னா எம்ஏ2-ன்னு இருக்கணும். மிச்சத்த மூடிய இறுக்கி டிக்கியில வைங்க, டாப் அப்புக்கு அதே ஆயில் தான் வேணும்.