கணக்கு சரி, காரணம் எங்கே? ஏபி தேர்வுக்குப் படித்த அனுபவங்கள்

நியூஜெர்சி அம்மா:

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரித் தரப் பாடங்களில் எழுதுவது ஏபி தேர்வு; ஸ்கோர் 1 முதல் 5 வரை. எங்கள் வீட்டில் இந்த மே மாதம் ஏபி கால்குலஸ் பிசி என்ற நுண்கணிதத் தேர்வு முடிந்தது. மகள் பதினொன்றாம் வகுப்பு. ஸ்கோர் ஜூலையில்தான் வரும். 1 வருமோ 5 வருமோ, நான் எழுத வந்த விஷயம் அதனால் மாறப்போவதில்லை.

நம்மவர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "இதெல்லாம் நாங்க ப்ளஸ் டூவிலேயே போட்டதுதானே, என்ன பெரிய ஏபி?" போட்டதுதான், இல்லையென்று சொல்லவில்லை. நம் பிள்ளைகளில் பலர் சனி, ஞாயிறு கணக்கு வகுப்புகளிலேயே வளர்ந்தவர்கள். விடை வராமல் திணறுவது அபூர்வம். மார்க் போகிற இடம் வேறு.

தேர்வில் பாதி மதிப்பெண், விடையைத் தேர்ந்தெடுக்கும் 45 கேள்விகளுக்கு. மறுபாதி, விரித்து எழுத வேண்டிய 6 கேள்விகளுக்கு. ஒவ்வொன்றுக்கும் 9 மார்க். முதல் இரண்டுக்குக் கால்குலேட்டர் உண்டு, 30 நிமிடம். மீதி நான்குக்குக் கிடையாது, 60 நிமிடம். இந்த ஆறில்தான் சங்கதியே இருக்கிறது.

பழைய கேள்வி ஒன்றை மகள் போட்டுக்கொண்டிருந்தாள். நேரத்தையும் ஒரு சார்பின் மதிப்பையும் அட்டவணையாகக் கொடுத்து, "மாறும் வேகம் சரியாக இந்த அளவாக இருக்கும் ஒரு கணம் உண்டா? காரணம் காட்டு" என்று கேட்கிற வகை. மதிப்பின் வித்தியாசத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தாள், எண் வந்தது, "ஆம், மீன் வேல்யூ தியரப்படி உண்டு" என்று முடித்துவிட்டாள் (சராசரி வேகம் இடையில் ஏதோ ஒரு கணத்தில் அப்படியே வரும் என்கிற தேற்றம் அது). திருத்தும் வழிமுறையை எடுத்து வைத்துப் பார்த்தால், இரண்டு மார்க்கில் ஒன்று காலி. சார்பு டிஃபரன்ஷியபிள் (வகையிடத்தக்கது), ஆகவே தொடர்ச்சியானது என்ற ஒரு வரி இல்லை.

"கேள்வியிலேயே டிஃபரன்ஷியபிள்னு கொடுத்திருக்காங்களேம்மா, அதையே நான் ஏன் திருப்பி எழுதணும்?" என்று அவளுக்குக் கோபம். கோபம் நியாயம்தான். ஆனால் தேற்றத்தின் நிபந்தனை பொருந்துகிறது என்று மாணவருக்குத் தெரியுமா என்பதற்குத்தான் அங்கே மார்க். திருத்துகிறவர் தாளில் இருப்பதைத்தான் பார்ப்பார், மனதில் இருப்பதை அல்ல.

இதேபோல இன்னும் சில. உச்சப் புள்ளிக்குக் காரணம் எழுதும்போது "அது கூடிப் பிறகு குறைகிறது" என்றால் செல்லாது. எது? எஃப் என்ற சார்பா, அதன் மாறும் வேகமான எஃப் பிரைமா? "எஃப் பிரைம் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு மாறுவதால்" என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். பிளஸ், மைனஸ் போட்ட எண்கோட்டை மட்டும் வரைந்துவிட்டாலும் அது காரணமாகாது. இன்னொரு பக்கம், நாம் விழுந்து விழுந்து சொல்லித்தரும் சுருக்குதல் அங்கே தேவையே இல்லை. 2/3 + 5/7 என்று அப்படியே விட்டாலும் முழு மார்க். சுருக்கப் போய்த் தப்பு செய்தால்தான் நஷ்டம். தசமத்தில் எழுதினால் மூன்று இடம் வரை சரியாக இருக்க வேண்டும்.

எங்களுக்கு உதவியது, இந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தளத்தில் இலவசமாகக் கிடக்கும் பழைய கேள்விகளும் திருத்தும் வழிமுறைகளும்தான். மாணவர்கள் எழுதிய மாதிரி விடைகளையும், எதற்கு எத்தனை மார்க், ஏன் என்ற விளக்கத்தையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். மகளும் அவள் தோழியும் தாளை மாற்றிக்கொண்டு, வழிமுறையைப் பக்கத்தில் வைத்துத் திருத்தினார்கள். அடுத்தவள் தாளில் ஈவிரக்கம் இல்லாமல் மார்க் வெட்டிய பிறகுதான் தன் தாளில் எங்கே ஓட்டை என்று இருவருக்கும் தெரிந்தது.

அதற்கு முன்னால் ஒரு பயிற்சி மையத்துக்கும் போனாள். கட்டுக்கட்டாக விடை தேர்ந்தெடுக்கும் கேள்விகள் தந்தார்கள். அவள் கையால் எழுதிய ஒரு பக்கத்தைக்கூட யாரும் வாசிக்கவில்லை. பணம் போனது போனதுதான்.

2025 முதல் இந்தத் தேர்வின் முதல் பாதி ப்ளூபுக் செயலியில் நடக்கிறது. இரண்டாம் பாதியில் கேள்வி திரையில் வரும், விடையைத் தாளில் எழுத வேண்டும். திரையைப் பார்த்துத் தாளில் எழுதுவது பழக்கமில்லாத பிள்ளைகளுக்குத் தடுமாற்றம் தரும். வீட்டிலும் அப்படியே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

டெக்ஸஸ் கல்லூரி மாணவன்:

ஆன்ட்டி சொன்னது வரலாற்றுக்கு இன்னும் பொருந்தும். நான் ஏபி யுஎஸ் ஹிஸ்டரி எழுதினேன். தாத்தா ஊரிலிருந்து வீடியோ காலில் வரும்போதெல்லாம் "வருஷத்தை எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டியாடா?" என்று கேட்பார். தேர்வு வருஷத்தைக் கேட்கவே இல்லை தாத்தா!

அதில் டிபிக்யூ என்று, தரும் ஆவணங்களை வைத்து வாதம் எழுத வேண்டிய ஒரு கட்டுரை உண்டு. ஏழு ஆவணங்கள் தருவார்கள்: ஒரு கடிதம், ஒரு கார்ட்டூன், ஒரு மேடைப் பேச்சு என்று. 60 நிமிடம், அதில் முதல் 15 நிமிடம் படிக்கச் சொல்வார்கள். மொத்தம் 7 மார்க். ஆவணங்களில் நான்கையாவது உங்கள் வாதத்துக்குச் சான்றாகப் பயன்படுத்த வேண்டும். ஆவணத்தில் இல்லாத ஒரு செய்தியை நீங்களாகக் கொண்டுவந்தால் ஒரு மார்க். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், அதனால் வாதத்துக்கு என்ன என்று இரண்டு ஆவணங்களுக்காவது விளக்கினால் இன்னொரு மார்க்.

நான் முதலில் ஆவணத்தைச் சுருக்கி எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் டீச்சர் ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் "அதனால்?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தருவார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். அப்புறம் நானே எழுதும்போது அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன், கட்டுரை மாறியது.

இன்னொன்று: தவறான விடைக்கு மார்க் கழிப்பதை 2011-லேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் எதையும் காலியாக விடாதீர்கள். இந்தியாவில் நுழைவுத் தேர்வு எழுதிய அப்பாக்கள் இன்னமும் "தெரியலன்னா விட்டுடு" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

கலிபோர்னியா அப்பா:

கிரெடிட் பற்றி, அதாவது ஏபி ஸ்கோரை வைத்து அந்தப் பாடத்தை முடித்ததாகக் கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்வது பற்றி, யாரும் எழுதவில்லையே. எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது அது. டெக்ஸஸில் 2015-ல் வந்த சட்டப்படி அரசுக் கல்லூரிகள் பொதுவாக 3 எடுத்தாலே கிரெடிட் தர வேண்டும். இங்கே யுசியிலும் (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) 3 முதல் கிரெடிட் யூனிட் உண்டு. ஆனால் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பது கேம்பஸுக்குக் கேம்பஸ் வேறு. எம்ஐடியில் கால்குலஸ் பிசிக்கு 5 வேண்டும். கால்டெக் ஏபிக்குக் கிரெடிட்டே தருவதில்லை. ஆகவே "பத்து ஏபி எழுதினால் ஒரு வருடக் கட்டணம் மிச்சம்" என்று கணக்குப் போடுவதற்கு முன் அந்தந்தக் கல்லூரியின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிடிக்காத பாடத்தில் பிள்ளையைத் தள்ளுவதற்கு இந்த மிச்சக் கணக்கைக் காரணமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பதிவு இலையுதிர்காலத்திலேயே, நவம்பர் நடுவுக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்றால் தாமதக் கட்டணம் வேறு. பள்ளியில் அந்தப் பாடமே இல்லையென்றாலும் தேர்வு எழுதலாம். ஆனால் வெளி மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியை நாம்தான் தேடிப் பேச வேண்டும். அந்தத் தொலைபேசி வேலையை செப்டம்பரிலேயே தொடங்குங்கள்.

புதிதாக வந்த ஒருவர்:

என் பையன் ஒன்பதாவது. ஹ்யூமன் ஜியாகிரஃபி (மனிதப் புவியியல்) எடுத்திருக்கிறான். முதல் ஏபி. எங்கிருந்து தொடங்கச் சொல்லட்டும் அக்கா?

நியூஜெர்சி அம்மா:

மகள் அதையும் எழுதியிருக்கிறாள், அவளிடம் கேட்டேன். எழுத்துப் பகுதியில் மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 7 மார்க், மொத்தம் 75 நிமிடம். கேள்வியின் வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடப் பழகச் சொல்கிறாள். "அடையாளம் காட்டு" என்றால் ஒரு வரி போதும். "விளக்கு" என்றால் "ஏனென்றால்" வந்தே ஆக வேண்டும். முன்னுரை, முடிவுரை வேண்டவே வேண்டாமாம். பழைய கேள்வி ஒன்றை இந்த வாரமே எழுதச் சொல்லுங்கள், பாடம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.