சில நாள் விடுபட்டாலே நடைப்பழக்கம் நின்றுபோகிறது: மாற்ற வேண்டியது மனத்தையா, பழக்கத்தையா?

கேள்வி: மதுரைவாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.1 சதவீதம் என வந்தது. இது நீரிழிவுக்கு முந்தைய நிலைதான், மாத்திரை இப்போது வேண்டாம், நாள்தோறும் அரை மணி நேரம் நடந்து உணவையும் ஒழுங்குபடுத்துங்கள் என்று மருத்துவர் கூறினார்.

விடியற்காலையில் எழுந்து நடக்கத் தொடங்கினால் சில வாரங்கள் நன்றாகவே போகிறது. ஊரில் ஒரு திருமணமோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ, அடைமழையோ குறுக்கிட்டால் நின்றுவிடுகிறது. மறுபடி தொடங்கப் பல மாதங்கள் ஆகின்றன. எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. எனக்கு மட்டும் அப்படி ஆகாததால், மனவுறுதி போதவில்லை என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். முதலில் மனத்தை மாற்றிக்கொண்டுதான் பழக்கத்துக்கு வர வேண்டுமா?

பதில் 1: வைகறை

சகோதரி, அந்த 21 நாள் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். அமெரிக்க ஒட்டறுவைச் சிகிச்சை நிபுணர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், சிகிச்சைக்குப் பின் மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகுவதற்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் வெளிவந்த நூலில் எழுதினார். முகத்துக்குப் பழகுவதைப் பற்றிய அந்தக் கருத்து, கைமாறிக் கைமாறி, எல்லாப் பழக்கங்களுக்கும் உரிய கெடுவாகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரிடம், மதிய உணவுடன் பழம் உண்பது, இரவு உணவுக்கு முன் ஓடுவது போன்ற ஏதேனும் ஒரு செயலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி 12 வாரங்கள் கவனித்தார்கள். யோசிக்காமலே அச்செயலைச் செய்யும் நிலையை எட்டப் பாதிப் பேருக்கு 66 நாளுக்குள்ளும் மீதிப் பேருக்கு அதற்கு மேலும் ஆகும் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடலாம் என்றும் மதிப்பிட்டார்கள். உணவு, பானம் தொடர்பான பழக்கங்களைவிட உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. ஆகவே, திருமணத்துக்குப் போன நாளில் நடக்காததனால் நீங்கள் அதுவரை சேர்த்தது எதுவும் அழிந்துவிடவில்லை. எல்லாம் போயிற்று என்று முடிவுகட்டி அடுத்த வாரங்களையும் கைவிடுவதே இழப்பாக முடிகிறது.

பதில் 2: வெண்தாமரை

நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். உங்கள் மருத்துவர் சொன்னதற்கு வலுவான சான்று இருப்பதால் இதை எழுதுகிறேன். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களிடையே நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றத்தால் மட்டும் 28.5 சதவீதம் குறைந்தது. சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையால் கிடைத்த பலனும் ஏறத்தாழ அதே அளவுதான்.

அமெரிக்க ஆய்வில் பங்கேற்றவர்களை, மனவுறுதியோடு இருங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்றுநர் இருந்தார். முதல் 24 வாரங்களில் 16 பாடங்களைத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவு துணையுடன் பிறர் செய்ததைத் தனியாகச் செய்ய முயலும் உங்களை மனவுறுதி இல்லாதவர் என்று சொல்வது நியாயமே இல்லை.

உங்கள் நேரத் தேர்வையும் மாற்றலாம் என்று தோன்றுகிறது. பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு டப்பா கட்ட வேண்டிய வீட்டில் விடியற்காலை என்பது ஏற்கெனவே நிரம்பிய நேரம். அடுப்படியோடு போட்டியிட்டால் நடைதான் தோற்கும். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிவிட்டதும் வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே 15 நிமிடம், இரவு உணவுக்குப் பின் 15 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உணவுக்குப் பின் நடப்பது, அந்த வேளையில் சர்க்கரை ஏறுவதையும் மட்டுப்படுத்தும்.

பதில் 3: நெடுவழி

மனத்துக்கும் இதில் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் பலர் சொல்லும் அளவுக்கு இல்லை. திறமை வளரக்கூடியது என்ற எண்ணமே ஒருவரை வளர்க்கிறது என்னும் கருத்தை உளவியலாளர் கேரல் டுவெக் பரவலாக்கினார். அதை அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 12,000 பேரிடம் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். அந்த எண்ணத்தை ஊட்டும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியால், பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 அளவுக்கு உயர்ந்தது. உடன் படிப்பவர்களின் போக்கு அந்த எண்ணத்துக்கு இசைவாக இருந்த பள்ளிகளிலேயே பலன் கூடுதலாகத் தெரிந்தது.

எனவே, உங்கள் மனத்தைப் பற்றிப் பேசும் வீட்டாரிடமே உதவி கேளுங்கள். இரவில் அவர்களில் ஒருவர் உடன் நடக்கலாம். நீங்கள் நடக்கும் நேரத்தில் பாத்திரங்களை அவர்கள் கழுவலாம். தடை வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்னதாகவே தீர்மானித்துவிடுங்கள். மழை பெய்தால் மாடிப்படியில் பத்து நிமிடம், வெளியூர் போனால் சாப்பிட்டதும் அந்தத் தெருக்கோடி வரை என்பதுபோலத் தெளிவாக இருக்கட்டும். இவ்வாறு முன்கூட்டித் திட்டமிடுவோர் எண்ணியதை நிறைவேற்றும் வாய்ப்பு கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

மதுரைவாசி

மூவருக்கும் நன்றி. இரவு நடைக்கு உடன்வருவதாகக் கணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு ஐயம்: ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையிலும் பள்ளிப் பேருந்தே வராதே, அப்போது காலை நடையை எதனுடன் இணைப்பது?

வெண்தாமரை

அந்த நாள்களில் காலையை விட்டுவிடுங்கள், சகோதரி. இரவு உணவு எல்லா நாளும் உண்டு. விடுமுறையில் அதையே அரை மணி நேரமாக நீட்டிக்கொள்ளுங்கள். பள்ளி திறந்த முதல் நாளே, பேருந்து நிறுத்தத்துக்கு நடைச் செருப்பை அணிந்து போங்கள். எச்பிஏ1சி பரிசோதனையை மறுபடி எப்போது எடுப்பது என்பதையும் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதால், சில வாரங்களிலேயே எடுத்துப் பார்த்து மனம் தளர வேண்டாம்.