பிள்ளைங்க மூலமா உங்க காதுக்கு வந்த பாட்டு: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பழைய_கேசட்:
ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு, அதான் எழுதுறேன். பொண்ணு அப்போ பத்தாவது. கார்ல எப்பவும் என் போன்தான் ப்ளூடூத்ல இருக்கும், அன்னிக்கு சார்ஜ் இல்ல, அவ போன கனெக்ட் பண்ணினா. மெட்டல், அந்த இரைச்சலான ராக் வகை. அதுலயும் அந்த உறுமுற வகை, தெரியும்ல. ரெண்டு நிமிஷம் தாங்கினேன், அப்புறம் "என்னம்மா இது, தொண்டைல முள்ளு மாட்டினவன் மாதிரி, நிறுத்து"ன்னுட்டேன். அவ ஒண்ணும் பேசல, நிறுத்திட்டா, ஹெட்போன மாட்டிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டா. அதுக்கப்புறம் அவ போன கார்ல கனெக்ட் பண்ணினதே கிடையாது.

விஷயம் அதில்ல. சின்ன வயசுல மூணு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டு பாதில விட்டவன் நான். பாடுறவன் என்ன கத்துறான்னு ஒரு எழவும் புரியல, ஆனா அடியில டிரம்ஸ் ஏழு ஏழா போகுது, தகிட தகதிமி தகிட தகதிமி, அப்பட்டமா மிஸ்ர சாபு. என் விரல் ஸ்டியரிங்ல போட்டுக்கிட்டே இருக்கு. வாய் நிறுத்துங்குது, விரல் நிக்க மாட்டேங்குது. அந்த விரலை அவ பாத்தாளா இல்லையான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது.

அப்புறம் அந்தப் பாட்டை எப்படியோ தேடிப் பிடிச்சு, ஒரு வருஷமா தினம் காலைல நடக்கும்போது கேக்குறேன். அவகிட்ட சொல்லல. பாட்டு பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

ஏழு_பேர்_அம்மா:
எனக்கு நேர் எதிர் கதை. பிடிஎஸ்ங்கிற ஏழு பேர் கொரிய பாட்டுக் குழு மேல பைத்தியம் என் பொண்ணுக்கு 11 வயசுல வந்துச்சு. ஏழு பேர் மூஞ்சியும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது, அவ போட்டோ வெச்சு தினம் பரீட்சை வெப்பா, தப்பா சொன்னா முறைப்பா. சரி பொண்ணுக்காகன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் பாட்டுக்கு அர்த்தம் படிச்சேன், அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு பேட்டி பாத்தேன், அப்புறம் கேக்காதீங்க.

2022 டிசம்பர்ல அந்த ஏழு பேர்ல ஒருத்தரான ஜின், அவங்க நாட்டுக் கட்டாய மிலிட்டரி சேவைக்குப் போனாரு. மொட்டை அடிச்ச போட்டோ வந்துச்சு, நான் கிச்சன்ல நின்னு அழுதுட்டு இருக்கேன், இவ உள்ள வந்து என்னைப் பாத்துட்டு "அம்மா, நீ இன்னும் அதுலயா இருக்க?"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவ எப்போ விட்டான்னே எனக்குத் தெரியல! ரூம் சுவத்துல போஸ்டர் அப்படியேதான் இருந்துச்சு, எடுக்க சோம்பேறித்தனம்னு சொன்னா. 2024 ஜூன்ல அவரு திரும்பி வந்த அன்னிக்கு நான் தனியாதான் பாத்தேன்.

நேர்மையா_சொல்றேன்:
ரெண்டு பேரும் தப்பா நினைக்காதீங்க. பசங்க கேக்குறதெல்லாம் பிடிக்குதுன்னு சொல்றது இப்போ ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு. ஒருத்தனுக்கும் ஸ்ருதி நிக்காது, எல்லாம் குரலை மிஷினே சரி பண்ற ஆட்டோட்யூன், எல்லாம் கம்ப்யூட்டர். என் பையன் போட்டுக் காமிச்சான், முகத்துக்கு நேராவே சொன்னேன் இது பாட்டில்லன்னு. இப்போ அவன் எதையும் போட்டுக் காமிக்கிறதில்ல, வீடு அமைதியா இருக்கு.

ரெண்டு_பசங்க_அப்பா:
@நேர்மையா_சொல்றேன் கடைசி வரிய நீங்களே ஒரு தடவ திரும்பப் படிங்க சார்.

ஆட்டோட்யூன் நேத்து வந்ததில்ல, 1997ல வந்தது. எண்ணெய் தேட பூமிக்குள்ள அனுப்புற ஒலி அலைய அலசிட்டு இருந்த ஒரு இன்ஜினியர் அதே கணக்க குரலுக்குத் திருப்பிவிட்டாரு. நீங்க "அந்தக் காலத்துப் பாட்டு"ன்னு உருகுற லிஸ்ட்லயே அது நிறைய இருக்கும். 1992ல ரஹ்மான் வந்தப்போ எங்கப்பா இதே வார்த்தைய சொன்னாரு, எல்லாம் கம்ப்யூட்டர்னு. நான் அன்னிக்கு அவர்கிட்ட கோவிச்சுக்கிட்டு சாப்பிடல.

என் கதை சின்னது. பையன் ராப் கேட்டுட்டு இருந்தான், பின்னாடி ரெண்டு செகண்ட் ட்ரம்பெட் ஒண்ணு சுத்திச் சுத்தி வருது. எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு, அது நான் காலேஜ்ல தேய தேயக் கேட்ட ரெக்கார்டு. "டேய் திருட்டுப்பய பாட்டுடா இது"ன்னு கத்தினேன். அவன் பொறுமையா உக்காந்து பாடம் எடுத்தான்: 1973ல நியூயார்க் பிராங்க்ஸ்ல டிஜே கூல் ஹெர்க், ஒரே ரெக்கார்டை ரெண்டு தட்டுல போட்டு ஆடுறதுக்கு ஏத்த அந்தத் துண்டை மட்டும் நீட்டினதுல இருந்து, 1991ல கோர்ட் தீர்ப்பு வந்து அனுமதி வாங்காம அடுத்தவங்க பாட்டுல துண்டு எடுக்க முடியாதுன்னு ஆனது வரைக்கும். எனக்கு அவ்வளவு தெளிவா யாரும் எதையும் சொல்லிக் குடுத்ததில்ல.

நானும் விடல, அந்த ஒரிஜினல முழுசா போட்டுக் காமிச்சேன். ஆறு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டான். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஏதோ நான்தான் வாசிச்ச மாதிரி. முடிஞ்சதும் "நல்லா இருக்குப்பா, ஆனா அந்த ரெண்டு செகண்ட்தான்பா பாட்டு"ன்னான். கொழுப்பப் பாருங்க. ஆனா அன்னில இருந்து எனக்கும் அந்த இடம் வர்ற வரைக்கும் மிச்சமெல்லாம் காத்திருக்கிற மாதிரிதான் இருக்கு, பழைய பாட்டைக் கெடுத்துட்டான்.

காது_முக்கியம்:
எல்லாரும் ரசனை பத்தியே பேசுறீங்க, ஒருத்தராவது காதைப் பத்தி சொன்னீங்களா? என் பொண்ணு ஒரு இயர்போன எனக்குக் குடுத்து "கேளுங்க"ன்னா, சத்தம் தாங்காம பிடுங்கி எறிஞ்சேன், அது சோபாவுக்கு அடில போயிடுச்சு, அவ்வளவுதான் என் அனுபவம். ஆனா இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, 80 டெசிபல் (சத்தத்தோட அளவு) வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் ஓகே, 90 ஆச்சுன்னா வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடினதுக்கு நேரம் பத்துல ஒண்ணா குறையுது பாருங்க. சின்னப் பசங்களுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான். போன் வால்யூம 60 சதவீதத்துக்கு மேல வெக்காதீங்க. உள்காதுல இருக்கிற முடி செல் ஒரு தடவ செத்தா திரும்ப முளைக்காது, தலை முடியே பரவால்ல. சுத்தி இரைச்சல் இருந்தா தானா வால்யூம ஏத்துவாங்க, அதனால வெளிச்சத்தம் அடக்குற ஹெட்போன் வாங்கிக் குடுங்க, போன் செட்டிங்ஸ்ல வால்யூம் லிமிட் இருக்கு அதையும் போடுங்க, மணிக்கு ஒரு தடவ கழட்டச் சொல்லுங்க, காதுல ஙொய்னு சத்தம் வந்தா டாக்டர பாருங்க. மெட்டல் கேக்குற பொண்ணோட அப்பா முக்கியமா கவனிங்க.

ஏழு_பேர்_அம்மா:
@காது_முக்கியம் எல்லாம் சரி, அந்த இயர்போன எடுத்துக் குடுத்தீங்களா? என்ன பாட்டுன்னாவது கேட்டீங்களா?

காது_முக்கியம்:
எடுத்துக் குடுத்தேன். பாட்டு கேக்கல. ஞாபகம் இல்ல.

உறுமல்_ரசிகன்:
பழைய கேசட் சார், நான் பெத்தவன் இல்ல, பிள்ளை சைடு. அவங்க தொண்டைய கிழிச்சுக்கல, குரல் நாணுக்கு மேல இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கு, அதை அதிர விடுறாங்க, பழகினவங்களுக்கு வலிக்காது. அப்புறம், பாத்திருப்பா சார். ஸ்டியரிங்ல அப்பா தாளம் போட்டா பாக்காம எப்படி.

பழைய_கேசட்:
எல்லாருக்கும் நன்றி. காது சார், வால்யூம் குறைச்சுத்தான் கேக்குறேன்.

நேத்து ராத்திரி சாப்பிடும்போது சொல்லிடலாம்னு "அன்னிக்கு கார்ல ஒரு பாட்டு போட்டியே"ன்னு இழுத்தேன். தட்டைப் பாத்துக்கிட்டே சொல்றா, "தெரியும்பா. நீங்க வெச்சிருக்கிறது என் பழைய போன், அதுல பாட்டு ஆப்ல என் அக்கவுண்ட்தான் இன்னும் இருக்கு. வருஷம் பூரா அதிகமா கேட்டது எதுன்னு டிசம்பர்ல வர்ற லிஸ்ட்ல அந்தப் பாட்டுதான் எனக்கு முதல் இடம், நான் அதைக் கேட்டே எட்டு மாசம் ஆச்சு."

அக்கவுண்ட்ட மாத்திடுறேன்மான்னேன். வேணாம்னுட்டா. இன்னிக்கு காலைல போன எடுத்தா அந்தப் பாட்டுக்கு அடுத்து புதுசா நாலு பாட்டு வரிசைல நிக்குது. முதல் பாட்டை அஞ்சு அஞ்சா எண்ணினேன் சரியா வரல, ஒம்பதா எண்ணினேன் அதுவும் வரல, இன்னும் எண்ணிட்டுதான் இருக்கேன்.