ஊசிக்கோபுரமும் கோபுர ஊசியும்: ஸ்டீப்பிள், ஸ்பயர் இரண்டுக்கும் சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

எழும்பூர் தூய அந்திரேயா ஆலயத்தைப் பற்றிய கட்டுரைக்கு ஸ்டீப்பிள், ஸ்பயர், டவர் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும் என்று இந்த இழையில் எழுந்த கேள்விக்குக் கூம்பு, தூபி, சிகரம், மணிக்கூண்டு என்று பலவகை விடைகள் வந்துள்ளன. என் பரிந்துரையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். முழு அமைப்புக்கு (ஸ்டீப்பிள்) ஊசிக்கோபுரம் என்றும், அதன் கூர்ந்த மேற்பகுதிக்கு (ஸ்பயர்) கோபுர ஊசி என்றும், அந்த ஊசியைத் தாங்கி நிற்கும் கீழ்க்கட்டுக்கு (டவர்) வெறுமனே கோபுரம் என்றும் கொள்ளலாம்.

எல்லாவற்றையும் கோபுரம் என்றே எழுதினால் போதாதா என்று ஒரு மடல் கேட்கிறது. போதாது என்பதற்கு அந்த ஆலயமே சான்று. ஸ்காட்லாந்து சபையாருக்காகத் தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற படைப் பொறியாளர் 1818 முதல் 1821 வரை எழுப்பிய இக்கட்டடத்துக்கு, லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1726இல் முடிக்கப்பட்ட செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் ஆலயம் முன்மாதிரியாக இருந்தது. தூண்கள் வரிசையிட்ட முகப்பும், அதற்குப் பின்னால் கூரையைத் துளைத்துக்கொண்டு எழுவதுபோல் 166 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் ஊசிக்கோபுரமும் அங்கிருந்து வந்தவை. உள்ளே நுழைந்தால் கதை மாறிவிடுகிறது. லண்டன் ஆலயம் நீள்சதுரம்; இங்கோ மக்கள் அமரும் கூடம் 81 அடிக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள வட்டம். பளிங்குபோல் மெருகேற்றிய சுண்ணச்சாந்துப் பூச்சுக்குப் பெயர்பெற்ற நகரத்தில், வரிப்பள்ளம் இட்ட 16 தூண்கள் வட்டமாக நின்று ஒரு குவிமாடத்தைத் தாங்குகின்றன. அதன் உட்புறத்தில் ஆழ்ந்த நீலமும் பொன்னிற விண்மீன்களும் தீட்டப்பட்டுள்ளன. "கோபுரத்தின் உட்புறம் நீல நிறம்" என்று ஒருவர் எழுதிவிட்டால், வெளியிலிருந்து மட்டும் பார்த்த வாசகர் ஊசிக்குள் யாரோ ஏணி வைத்து ஏறி வண்ணம் பூசியதாகவே எண்ணிக்கொள்வார். குவிமாடம் என்ற சொல்லில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை என்பதால் அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

இதே கட்டடத்தின் அடித்தளத்துக்குச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை என்பதையும் போகிற போக்கில் குறிப்பிடலாம். சதுப்பான நிலத்தில் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் சுமையை ஏற்றும் முறையை உள்ளூர்த் தொழிலாளர் முன்பே அறிந்திருந்தனர்; எனவே கிணற்று அடித்தளம் என்று எழுதினால் யாருக்கும் விளங்கிவிடும். இறக்குமதியான வடிவத்துக்குத்தான் நாம் இத்தனை மடல் எழுத வேண்டியிருக்கிறது.

கோபுரத்தையும் ஊசியையும் ஏன் பிரிக்க வேண்டும் என்பதற்குப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயத்தைக் காட்டுவேன். ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் முயற்சியால், கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயரின் நன்கொடையைக் கொண்டு 1678இல் தொடங்கி 1680 அக்டோபரில் அர்ப்பணிக்கப்பட்ட அந்த ஆலயம், பீரங்கிக் குண்டுக்குத் தாங்க வேண்டும் என்பதற்காகக் கூரையில் மரமே சேர்க்காமல், தடித்த செங்கல் வளைவுகளால் மூடப்பட்டது. அப்போது அதற்குக் கோபுரம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபுரம் சேர்ந்தது. இன்று நாம் காணும் ஊசியோ அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. ஒன்று ஒரு தலைமுறையின் வேலை, மற்றொன்று வேறொரு தலைமுறையின் வேலை என்னும்போது, இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டு வரலாறு எழுத இயலாது.

இனி மற்ற பரிந்துரைகள். கூம்பு என்பது கணிதத்தில் வட்ட அடியுடைய வடிவத்துக்கு உரிய சொல். நாம் பேசும் ஊசிகளோ பெரும்பாலும் பட்டைகள் கொண்டவை. சிகரமும் தூபியும் கோயிற் கட்டடக்கலையில் முன்பே இடம்பிடித்துவிட்டவை. விமானத்தின் தலைப்பகுதி சிகரம், அதன் உச்சியில் நிற்பது தூபி. தூபி என்றதும் சாஞ்சியில் உள்ள பௌத்தத் தூபியை நினைப்பவர்களும் உண்டு. மணிக்கூண்டு நல்ல சொல்தான்; ஆனால் ஊர்நடுவே கடிகாரம் தாங்கி நிற்கும் கட்டடத்துக்கும் அதுவே பெயர். ஆலயத்தில் மணி தொங்கும் அறைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வதே பொருத்தம்.

ஊசிக்கோபுரம் நான் புனைந்த சொல் அன்று. ரேனியஸ் என்ற ஜெர்மானிய மிஷனரியின் காலத்தில், 1826இல் கட்டப்பட்ட பாளையங்கோட்டைத் தூய திரித்துவப் பேராலயத்தை ஊரார் ஊசிக்கோபுரம் என்றே அழைக்கின்றனர். வழி கேட்பவருக்கும் அப்படித்தான் வழி சொல்கிறார்கள். கோபுரம் இந்துக் கோயிலுக்கு உரியது, சீர்திருத்தச் சபையின் ஆலயத்துக்குப் பொருந்துமா என்ற ஐயத்தையும் அந்த ஊரே தீர்த்துவைக்கிறது; கிறித்தவம் தழுவிய பிராமணப் பெண் குளோரிந்தா எழுப்பிய சிற்றாலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று வழங்கிய மக்களுக்குக் கோயிலும் கோபுரமும் கூச்சம் தரவில்லை. ஊசி என்பது பேச்சுவழக்காகத் தோன்றுகிறது என்ற மறுப்பும் நிற்காது. ஊசியிலைக் காடு பாடநூல்களில் நெடுங்காலமாக இருக்கிறது.

ஊசிக்கோபுரம், கோபுர ஊசி என்ற இரண்டும் ஒன்றையொன்று திருப்பிப் போட்டவை ஆகையால் குழப்பம் வரும் என்பது மட்டுமே வலுவான மறுப்பு. ஊசியை உடைய கோபுரம் என்று முதலாவது விரியும். கோபுரத்தினது ஊசி என்று இரண்டாவது விரியும். தமிழில் தொகையின் இறுதிச் சொல்லே எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் காட்டிவிடுவதால், வாழையிலையையும் இலைவாழையையும் எவரும் மாற்றிப் புரிந்துகொள்வதில்லை. தூய மரியாள் ஆலயத்தின் கோபுரம் பழையது, கோபுர ஊசி பிந்தையது, இரண்டும் சேர்ந்த ஊசிக்கோபுரம் கோட்டைக்கு வெளியிலிருந்தும் தெரிவது என்று எழுதிப் பார்த்தேன். எங்கும் இடறவில்லை.

மறுப்பு இல்லையெனில் மேற்சொன்ன மூன்றையும், மணி அறைக்கு மணிக்கூண்டு என்பதையும் நம் சொற்பட்டியலில் சேர்க்கலாம். கோபுரத்தின் நான்கு மூலைகளிலும் எழும் சிறு கூர்முனைகளுக்குச் சிற்றூசி என்பதை முன்வைக்கிறேன். கோதிக் பாணி ஆலயங்களைப் பற்றி எழுதுபவர்கள் அது பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.