கேலியன்ல மூணு பாயும் விரிச்சும் ஸ்லூப்ப பிடிக்க முடியல, காத்துக்கு பாய எப்படி திருப்பணும்?

கடல்குருவி:

வணக்கம் மக்களே. நாங்க காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர், சீ ஆஃப் தீவ்ஸ்ங்கற கடற்கொள்ளை கேம்ல கேலியன்ங்கற பெரிய கப்பல எடுத்து ஓட்டிட்டு இருக்கோம். சண்டை ஓரளவு வருது, கேனான் குறியும் பரவால்ல, துரத்துறதுல தான் மாட்டிக்கிறோம். எங்களுக்கு மூணு மரம் மூணு பாய், எதிர்ல ஒரே பாய் இருக்கற ஸ்லூப், அதுல ரெண்டு பேர் தான் இருப்பாங்க. மூணு பாயையும் முழுசா விரிச்சு இறக்கி விட்டு நேரா அவன் பின்னாடியே போறோம், முதல்ல நெருங்குற மாதிரியே இருக்கும், அப்புறம் அவன் ஒரு பெரிய வளைவு எடுத்து திரும்புவான், அதோட சரி, இடைவெளி கூடிட்டே போய் எங்கயாவது ஒரு அவுட்போஸ்ட்ல புதையல வித்துட்டு கிளம்பிடுவான்.

டீம்ல ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க. பாய நேரா வச்சா போதும், திருப்புறதால பெருசா ஒன்னும் ஆகாதுன்னு ஒருத்தன். காத்து மாற மாற திருப்பிட்டே இருக்கணும்னு இன்னொருத்தன். எது சரி? பாய் திருப்புறதால நிஜமாவே வேகம் கூடுதா? மூணு பாய் இருக்கற கப்பல ஒத்த பாய் கப்பல் எப்படி முந்துது?

நங்கூரம்:

ப்ரோ அந்த வளைவுல தான் விஷயமே இருக்கு. அவன் காத்துக்கு நேர் எதிரா மூக்க திருப்புறான். இந்த கேம்ல மூணு கப்பலுக்கும் காத்து ஒரே மாதிரி வேலை செய்யாது. காத்து பின்னாடி இருந்து வந்தா கேலியன அடிச்சுக்க ஆளே இல்ல, அதே காத்து எதிர்ல வந்தா ஸ்லூப் தான் வேகம், கேலியன் ரொம்ப தடுமாறும். பக்கக் காத்துல ரெண்டு மரம் இருக்கற பிரிகன்டீன் நல்லா போகும்னு ஓட்டுறவங்க எல்லாருமே சொல்வாங்க, அந்த கப்பல் 2018 ஜூலை கடைசில கர்ஸ்டு செயில்ஸ் அப்டேட்ல தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி இந்த ரெண்டு கப்பல் மட்டும் தான். அதனால ஸ்லூப் ஓட்டத் தெரிஞ்சவன் கேலியன பாத்த உடனே தலைய தூக்கி மேல பாப்பான், வெள்ளையா கோடு கோடா ஓடும் பாருங்க, அது தான் காத்து, அது எங்க இருந்து வருதோ அந்த பக்கம் திருப்பிட்டு போயிட்டே இருப்பான்.

பாய் விஷயத்துல உங்க ரெண்டாவது ஃப்ரெண்ட் சொல்றது தான் சரி. காத்து பாயோட முதுகுல அடிச்சு அது முன்பக்கமா உப்பணும், அவ்வளவு தான் கணக்கு. காத்து எந்த திசைக்கு போகுதோ பாயோட முகமும் அந்த திசைய பாக்கணும். இடது பின்பக்கத்துல இருந்து வருதுன்னா வலது முன்பக்கமா போகுதுன்னு அர்த்தம், பாயும் வலது முன்பக்கம் பாக்கணும். சரியா பிடிச்ச உடனே துணி விம்மிட்டு ஒரு சத்தம் வரும், அந்த சத்தம் கேக்கற வரைக்கும் கயித்த விடாதீங்க. நேர் எதிர்க் காத்துன்னா எப்படி திருப்பினாலும் பிடிக்காது, நடுவுல நேரா வச்சிட்டு விட்ருங்க. எதிர்க் காத்துலயும் கப்பல் நிக்காது, பின்னாடியும் தள்ளாது, வேகம் மட்டும் தான் குறையும், அதுல யாருக்கு கம்மியா குறையுதுங்கறது தான் ஓட்டமே.

பாய்மரப்பிரியன்:

நங்கூரம் சொன்னது இந்த கேமுக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா பின்காத்து தான் எப்பவுமே வேகம்னு மனசுல பதிய வச்சிட்டா வேற கேமுக்கு போகும்போது சிக்கல், நிஜக் கடல்ல அப்படி இல்ல. நான் சின்ன டிங்கி படகு ஓட்டுறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க.

காத்து 10 நாட் (நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) னு வச்சுக்கோங்க. பின்காத்துல படகு 4 நாட் வேகம் எடுத்துருச்சுன்னா படகுல நிக்கற உங்களுக்கு படுற காத்து 6 நாட் தான், ஏன்னா நீங்களும் அதே திசையில ஓடிட்டு இருக்கீங்க. பாய் மேல விழற விசை காத்து வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும் குறையும், அதாவது 100 இருந்த இடத்துல 36, மூணுல ஒரு பங்கு சொச்சம் தான் மிச்சம். வேகம் கூடக் கூட தள்ளுற காத்து செத்துட்டே போகும், வெறும் தள்ளுல ஓடுற படகு காத்த விட வேகமா போகவே முடியாது. அதே 10 நாட் காத்து பக்கத்துல இருந்து வந்து நீங்க 4 நாட்ல போனா உங்களுக்கு படுற காத்து கிட்டத்தட்ட 10.8, குறையறதுக்கு பதிலா கூடுது. அதனால பெரும்பாலான படகுக்கு பக்கக் காத்து, இல்ல பக்கத்துக்கும் பின்னாடிக்கும் நடுவுல வர்ற காத்து, அது தான் நல்ல வேகம்.

பக்கக் காத்து எப்படி முன்னாடி இழுக்கும்னு கேப்பீங்க. பாய் அப்போ பறவை இறக்கை மாதிரி வேலை செய்யுது, ரெண்டு பக்கமும் ஓடுற காத்து வளைஞ்சு போறதுல ஒரு இழுவிசை வரும். அதுல பெரிய பங்கு படக பக்கவாட்டுல தான் தள்ளும், அடியில தண்ணிக்குள்ள இருக்கற பலகை அத நகர விடாம பிடிக்குது, மிச்சம் இருக்கற முன்பக்க பங்குல தான் படகு போகுது. இங்க பாய் கோணம் ரொம்ப முக்கியம். நாங்க செய்யறது இது தான், கயித்த தளர்த்திட்டே போவோம், பாயோட முன் விளிம்பு படபடன்னு அடிக்க ஆரம்பிக்கும், அப்போ அது நிக்கற வரைக்கும் மட்டும் இழுப்போம். அதுக்கு மேல இறுக்கினா படகு சாயும், வேகம் வராது.

பழைய பெரிய கப்பலுக்கு இன்னொரு சிக்கல், காத்து நேர் பின்னாடி இருந்து வந்தா பின் மரத்து பாயே முன் பாய்களுக்கு காத்து போகாம மறைச்சிடும். அதனால கொஞ்சம் சாய்வா பின்பக்கத்துல இருந்து வர்ற காத்த தான் மாலுமிங்க விரும்புனாங்க. எதிர்ப்பக்கம்னு பாத்தா குறுக்கு மரத்துல தொங்குற சதுரப் பாய் கப்பல் காத்துக்கு சுமார் 67 டிகிரிக்குள்ள நெருங்கவே கஷ்டம், முன்பின்னா கட்டுன பாய் இருக்கற இப்போதைய படகு 45 வரைக்கும் போகும். ஸ்லூப் எதிர்க் காத்துல தப்பிக்கிறது அந்த உண்மையில இருந்து வந்தது தான், என்ன, கேம்ல ஸ்லூப்புக்கும் சதுரப் பாய தான் மாட்டி வச்சிருக்காங்க, அது எனக்கு கொஞ்சம் வருத்தம்.

தீவான்:

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன், வல்ஹெய்ம் விளையாடுற ஆக்களுக்கும் உதவும் எண்டுதான். அதில பாயை நாங்கள் திருப்பத் தேவையில்லை, அது தானா திரும்பும், பாதிப் பாயா முழுப் பாயா எண்டதைத் தான் நாங்கள் தெரிவு செய்யிறது. ஆனா கப்பல் படத்தைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும், அதில முன்பக்கம் ஒரு பகுதி கறுப்பா இருக்கும், காத்து அந்தப் பகுதிக்குள்ள இருந்து வந்தால் பாய் விரிச்சும் ஒரு பிரயோசனமும் இல்லை, துடுப்புப் போடத்தான் வேணும். பாய்மரப்பிரியன் அண்ணை சொன்ன 45 டிகிரிக் கதை இந்த வளையத்தைப் பாத்தால் நல்லா விளங்கும். முன்னுக்குப் போகவேணும் எண்டால் கறுப்புக்குக் கொஞ்சம் வெளியால மூக்கை வைச்சு இடப்பக்கம் ஒருக்கா வலப்பக்கம் ஒருக்கா எண்டு வெட்டி வெட்டிப் போங்கோ, தூரம் கூடத்தான், ஆனா துடுப்பை விட எவ்வளவோ மேல். மலையில இருக்கிற மோடர் எண்ட டிராகனை வெண்டால் பின்காத்தை வரவைக்கிற சக்தி கிடைக்கும், லோங்ஷிப்பில தூரப் பயணம் போறதெண்டால் அதுக்குப் பிறகு போறது நல்லது.

பழைய மாலுமி:

பாய தொடாமலே காத்த கத்துக் குடுக்கற கேம் ஒன்னு இருக்கு, சிட் மெயர்ஸ் பைரட்ஸ், 1987ல வந்துச்சு, 2004ல புதுசா பண்ணாங்க. கரீபியன் முழுக்க காத்து பெரும்பாலும் கிழக்குல இருந்து மேற்க அடிக்கும், நிஜத்துலயும் அப்படித்தான், அது வியாபாரக் காத்து. பார்படோஸ்ல இருந்து வேரா க்ரூஸ் போறது சுகமா இருக்கும், திரும்பி வரும்போது தான் மாசக்கணக்குல இழுக்கும், நாள் ஆக ஆக ஆளுங்க முணுமுணுக்க ஆரம்பிச்சிடுவாங்க. ஸ்பெயின்காரன் புதையல் கப்பல்கள் நிஜத்துல ஊர் திரும்பும்போது வந்த வழியே எதிர்த்து போகாம ஹவானால கூடி ஃபுளோரிடா ஜலசந்தி வழியா வடக்க ஏறி, அங்க மேற்குல இருந்து வீசற காத்த பிடிச்சு தான் போச்சு. அது தெரிஞ்சா கேம்ல வேட்டைக்கு எங்க காத்திருக்கணும்னு புரியும்.

அதுல ஒவ்வொரு கப்பலுக்கும் எந்தக் காத்துல நல்லா ஓடும்னு விவரத்துலயே போட்டிருப்பாங்க, நிறைய பேர் அத படிக்கறதே இல்ல, பீரங்கி எண்ணிக்கைய பாத்தே கப்பல் எடுக்கறாங்க. சண்டையில பாய சுருக்கிக்கலாம், வேகம் குறையும் ஆனா திருப்பம் நல்லா வரும், சங்கிலிக் குண்டுல கிழியறதும் கம்மி. காட்டன் பாய் அப்கிரேடு கிடைச்சா யோசிக்காம போட்ருங்க.

கடல்குருவி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமா எதிர்பாக்கல. அந்த 36 கணக்கு டீம் குரூப்ல போட்டாச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம் இருக்கு. அவன் எதிர்க் காத்துக்கு திரும்பிட்டா எங்களால ஒன்னுமே செய்ய முடியாதா? அப்புறம் மூணு பாய நாலு பேர் எப்படி பிரிச்சுக்கறது, நான் சக்கரத்த பிடிச்சிருக்கேன், பாய் இறக்கிட்டா முன்னாடி ஒன்னுமே தெரிய மாட்டேங்குது.

யார்டுமாஸ்டர்:

நான் நேவல் ஆக்ஷன்ங்கற கப்பல் சண்டை கேம் ஆளு, 2016ல எர்லி ஆக்சஸ் (கேம் முழுசா முடியறதுக்கு முன்னாடியே விளையாட விடறது) வந்ததுல இருந்து அது தான். அங்க முன் மரத்து பாயையும் பின் மரத்து பாயையும் தனித்தனியா திருப்பலாம், அதனால உங்க கேள்விக்கு பக்கத்துல வருது. காத்த தாண்டி மறுபக்கம் திரும்பணும்னா முன் பாய வேணும்னே எதிர்க் கோணத்துல வைப்போம், காத்து முன்பக்கத்துல இருந்து அடிச்சு கப்பல் மூக்க தள்ளி அந்தப் பக்கம் திருப்பி விடும், மூக்கு தாண்டுன உடனே பாய மறுபடி சரியா திருப்பிடணும், லேட் ஆச்சுன்னா கப்பல் அப்படியே நடுக்கடல்ல நின்னுடும், எதிரி வந்து பின்பக்கம் நின்னு சுடுவான். நிஜ சதுரப் பாய் கப்பல்லயும் இப்படி தான் செஞ்சாங்க. ஆளு கம்மின்னா காத்த தாண்டாம பின்பக்கமா முழுசா ஒரு சுத்து சுத்தி வருவாங்க, இடம் போகும் ஆனா நிக்காது. துரத்தும்போது எப்பவும் காத்து வர்ற பக்கமா நீங்க இருக்கப் பாருங்க, யார் காத்துக்கு மேல இருக்காங்களோ அவங்க தான் சண்டை எப்போ ஆரம்பிக்கணும்னு முடிவு பண்றாங்க.

நங்கூரம்:

யார்டுமாஸ்டர் சொன்ன கடைசி வரி சீ ஆஃப் தீவ்ஸுக்கும் பொருந்தும். ஸ்லூப்ப பாத்த உடனே நேரா அவன நோக்கி போகாதீங்க, முதல்ல காத்து வர்ற பக்கமா சுத்தி போய் அந்தப் பக்கம் இருந்து இறங்குங்க, அப்போ அவன் தப்பிக்க திரும்ப வேண்டிய திசையில நீங்க நிப்பீங்க, வேற வழியில்லாம பின்காத்துல ஓடுவான், அது உங்க கப்பலோட ஓட்டம்.

ஏற்கனவே எதிர்க் காத்துக்கு போயிட்டான்னா வாலப் பிடிச்சிட்டே போறது வேஸ்ட். கிட்ட இருக்கும்போதே சங்கிலிக் குண்டால மரத்த உடைக்கப் பாருங்க, 2019 ஏப்ரல் ஆனிவர்சரி அப்டேட்ல இருந்து மரம் உடையும், ஸ்லூப்புக்கு இருக்கறது ஒரே மரம், அது விழுந்தா கதை முடிஞ்சது. முடியலன்னா மேப்ப பாத்து அவன் எந்த அவுட்போஸ்ட்டுக்கு போவான்னு யோசிச்சு பக்கக் காத்து கிடைக்கற வழியில போய் முன்னாடி நில்லுங்க. அவனாலயும் ஒரே திசையில ஓடிட்டே இருக்க முடியாது, மேப் விளிம்புல தண்ணி சிவப்பா மாறி கப்பல உடைக்கும், காத்தும் நடுவுல மாறும். மாறுன அந்த நிமிஷம் யார் முதல்ல பாய திருப்பறாங்களோ அவங்களுக்கு தான் லாபம்.

ஆளு பிரிக்கறது, ஓடும்போது ரெண்டு பேர் பாய்க்கு போதும், முதல்ல நடுப் பாய திருப்பி விம்ம வச்சிட்டு அதே கோணத்துக்கு மத்த ரெண்டையும் கொண்டு வரட்டும். மூணாவது ஆள் மூக்குல நின்னு பாறை தீவு எல்லாம் குரல் குடுக்கணும், சக்கரத்துல இருந்து உங்களுக்கு தெரியாது, எந்த கேலியன்லயும் தெரியாது, ரொம்ப கஷ்டமா இருந்தா பாய கொஞ்சம் மட்டும் தூக்கி கீழ இடைவெளி விடுங்க, வேகம் சின்னதா போகும் பரவால்ல. வளைவுக்கு முன்னாடி பாய பாதிக்கு தூக்கினா சட்டுனு திரும்பும், ஆனா தூக்கறதுக்கு நேரம் பிடிக்கும், இறக்கறது தான் சுலபம், அதனால திரும்பறதுக்கு கொஞ்சம் முன்னாடியே ஆள்கிட்ட சொல்லிடுங்க.