கைக்கடக்கமான செயற்கைக்கோளில் கதிர்வீச்சை அளந்த அனுபவம்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படித்தபோது, விண்வெளிக் கதிர்வீச்சை அளக்கும் கியூப்சாட் (சிறு கனசதுர அலகுகளால் ஆன குட்டிச் செயற்கைக்கோள்) ஒன்றை உருவாக்கிய மாணவர் குழுவில் உணரிப் பிரிவில் பணியாற்றினேன். கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கி, 2012 செப்டம்பரில் ஏவப்பட்ட சி.எஸ்.எஸ்.டபிள்யூ.இ. (கொலராடோ மாணவர் விண்வெளி வானிலைச் சோதனை) என்ற செயற்கைக்கோளே எங்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. பத்து சென்டிமீட்டர் கனசதுரங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் அதன் உருவம்.

அதன் உணரியில் நான்கு சிலிக்கான் தகடுகள் வரிசையாக இருந்தன. உள்ளே நுழையும் எலெக்ட்ரான் முதல் தகட்டிலேயே நின்றுவிட்டால் அதன் ஆற்றல் குறைவு, கடைசித் தகடுவரை துளைத்துச் சென்றால் அதிகம் என்று பிரித்தறியலாம். எளிய யோசனைதான், ஆனால் பக்கவாட்டிலிருந்து ஊடுருவும் துகள்கள் இந்தக் கணக்கைக் குலைத்துவிடும் என்பதால், டங்ஸ்டன், டான்டலம் போன்ற அடர்ந்த உலோகங்களால் கவசம் அமைக்க வேண்டும். எங்கள் கூட்டங்களில் இயற்பியலைவிடக் கவசத்தின் எடை குறித்தே அதிகம் வாதிட்டோம். கவசத்தில் கூட்டும் ஒவ்வொரு கிராமையும் மின்கலத்திலோ சட்டகத்திலோ குறைத்தாக வேண்டியிருந்தது.

சிலிக்கான் தகடு ஒளியையும் உணரும். ஆகவே எலெக்ட்ரான்களை உமிழும் ஸ்ட்ரான்சியம்-90 கதிர்மூலத்தை முன்னால் வைத்துச் சோதிக்கும்போது, பெட்டியின் மீது கறுப்புத் துணியைப் போர்த்தி, அறை விளக்குகளையும் அணைத்துவிடுவோம். ஒரு திருகுத் துளை வழியே கசிந்த வெளிச்சத்தைத் துகள்கள் என்று நம்பி, ஒரு மாலை முழுவதும் நாங்கள் வரைபடம் போட்டதும் உண்டு.

இவ்வளவு சிறிய கருவியால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு, 2017 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியான கட்டுரையே போதுமான பதில் என்பேன். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது தெறிக்கும் நியூட்ரான்கள் சிதைந்து, பூமியைச் சூழ்ந்துள்ள வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்களில் உள்வளையத்தின் உள்விளிம்புக்கு எலெக்ட்ரான்களை அளிக்கின்றன என்பதை, அந்தக் கொலராடோ செயற்கைக்கோளின் அளவீடுகளே காட்டின. அது ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நிலவிய கேள்வி.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக மாணவர்களோ 2018 செப்டம்பரில் எல்ஃபின் என்ற பெயரில் இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பினார்கள். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அதுவே. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரே செயற்கைக்கோள் சென்றால், வளிமண்டலத்தில் விழும் எலெக்ட்ரான்கள் திடீரெனக் குறையும்போது, பொழிவு நின்றுவிட்டதா அல்லது பொழியும் இடத்தைத் தாண்டி வந்துவிட்டோமா என்று சொல்ல இயலாது. பின்னாலேயே இன்னொன்று அதே வழியில் வந்தால் சொல்லிவிடலாம்.