மே மாதத்தில் காப்பிப் பழம் பறித்தவர்

ஏற்காட்டுக்காரன் நான். அப்பா காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அதனால் இந்த ஆளை நான் கண்டுபிடித்ததில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

கோடை விழா நேரம். ஏரிக்கரையில் வெளியூர்க் குடும்பம் ஒன்றிடம், தொப்பியும் கம்பூட்ஸுமாக ஒருவர் அளந்துகொண்டிருந்தார். நாற்பது ஏக்கர் எஸ்டேட்டாம், நடுவில் பங்களாவாம். "இப்போ பழம் பறிப்பு நடக்குது சார், பிள்ளைங்களே பறிக்கலாம். அட்வான்ஸ் மட்டும் போட்டுடுங்க."

மே மாதத்தில் பழமா? இங்கே விளையும் அராபிகா ரகக் காப்பி பழுப்பது நவம்பர் வாக்கில். ஜனவரியோடு பறிப்பு ஏறக்குறைய முடிந்துவிடும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் செடி வெள்ளை வெளேரென்று பூக்கும், மல்லிகை மாதிரி வாசம் தூக்கும். மே மாதம் போய்ப் பார்த்தால் பிஞ்சுதான் இருக்கும்.

சும்மா பேச்சுக் கொடுத்தேன். "அண்ணே, இந்த வருஷம் பூவுக்கு மழை நேரத்துக்கு விழுந்துச்சா?"

"பூவா? பங்களா முன்னாடி நிறைய வச்சிருக்கோம் தம்பி."

கம்பூட்ஸில் ஒரு பொட்டு மண் இல்லை. விலைச் சீட்டைக் கிழித்த பிசின் மட்டும் ஒட்டியிருந்தது. அந்தக் குடும்பத்துக்காரர் கையிலெடுத்த போனை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

*

எங்கள் பெரியம்மாவுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் காலை ஏழு மணிக்கு இரண்டு பேர் வழிமறித்திருக்கிறார்கள். "போலீஸும்மா. முன்னால ஒரு கொலை நடந்திருக்கு. செயினைக் கழற்றிப் பேப்பர்ல மடிச்சு வச்சுக்கோங்க." அவர்களே மடித்தும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் மூன்று ஜல்லிக்கல். போனது மூன்றரைப் பவுன்.

பெரியம்மா இன்றைக்கும் புலம்புவது இதைத்தான்: "எவ்வளவு மரியாதையாப் பேசினான்! அப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும்."

*

இப்போது அந்த மாதிரி போலீஸ் வீடியோ காலில் வருகிறது. அஸ்தம்பட்டியில் இருக்கும் என் மாமனாரை 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்துவிட்டதாகச் சொன்னார்களாம். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடிக்க வேண்டும். அவருக்கு இதெல்லாம் தெரியாது.

"அறையை விட்டு நகரக் கூடாது" என்று அதட்டியிருக்கிறார்கள்.

"மோட்டார் போட்டிருக்கேன் சார், டேங்க் வழியுது. இருங்க, நிறுத்திட்டு வந்துடறேன்" என்று மனிதர் எழுந்து போய்விட்டார். அப்படியே செடிகளுக்கும் தண்ணீர் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர்களே விடுதலை செய்திருந்தார்கள்.